மோட்டாருக்கு ஊற்றாத தண்ணீர்

தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு வாழையைக் காயப்போட்ட புண்ணியவான் என் அண்ணன் கர்ணன். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தோட்டம் கெங்குவார்பட்டியில். வீட்டுக்காரர் கேரளாவில் லாரி ஓட்டுகிறார், விவசாயம் என் பொறுப்பு. போர்வெல்லில் நூலாக வரும் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, அங்கிருந்து மோட்டார் வைத்துச் சொட்டுநீர்க் குழாய்களில் விடுவோம். வாழை குலை தள்ளிய நேரம் பார்த்துத் தொட்டி மோட்டார் செத்தது. குலையோடு நிற்கும் வாழை தாகம் தாங்காது, நடுத்தண்டு மடிந்துவிடும்.

புது மோட்டாரை நானே பார்த்து எடுத்தேன்.

"ஊர்ல எல்லாரும் ஏழரை எச்பி போட்டிருக்காக. நீ என்னத்தா பொம்ம மோட்டாரு வாங்கியாந்திருக்க?" என்றார் அண்ணன்.

ஆளுயரம்கூட இல்லாத தொட்டிக்கு ஏழரை எதற்கு? போர்வெல்லுக்குள் நிற்கிற மோட்டாரைத் தொட்டியில் போட்டால் சூடு தணியாமல் கருகும். தொட்டிக்கென்றே, தண்ணீருக்குள் படுக்கவைக்கிற மூணு எச்பி இருக்கிறது. கடைக்காரரிடம் நூறு கேள்வி கேட்டுத்தான் அதை வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இறக்க ஏற்பாடு. பத்தரைக்கு ராகு காலம். அண்ணன் வெள்ளை வேட்டியில் தேங்காய், சூடத்தோடு வந்து நின்றார். மெக்கானிக் ஈஸ்வரபாண்டி, "எறக்குறதுக்கு முன்னாடி மோட்டாருக்குள்ள நல்ல தண்ணி நெறைக்கணும்க்கா. வெளித்தண்ணி உள்ள போகாது, காஞ்சு ஓடுனா கருகிரும்" என்றார். தொட்டித் தண்ணீர் கலங்கல். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வருவதற்குள் மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, இறக்கி, ஓடவும் விட்டிருந்தார்கள்.

"அண்ணே, உள்ள தண்ணி ஊத்துனீகளா?"

"தண்ணிக்குள்ளதான கெடக்கு? அதுக்குள்ள வேற எதுக்குத்தா தண்ணி? ராகு காலம் பொறந்துரும்ல."

ஈஸ்வரபாண்டி தரையைப் பார்த்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

"நல்ல காரியத்துல அபசகுனமாக் கத்தாத" என்று அண்ணன் சுவிட்ச் பெட்டியை மறித்துக்கொண்டார். அவரைத் தள்ளிவிட்டு நான் அணைப்பதற்குள் மோட்டாரே உறுமி அடங்கிவிட்டது. தூக்கிக் கழற்றியதும் கருகல் வாடை. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. செம்புக்கம்பிக் காயில் எரிந்து போயிருந்தது.

ஈஸ்வரபாண்டி அதைப் பழுது பார்க்கப் பெரியகுளத்துக்கு எடுத்துப்போனார். திங்கட்கிழமைதான் கிடைக்குமாம்.

"ஒன் கெரகம் சரியில்லத்தா. பெரிய மோட்டாரா வாங்கச் சொன்னேன், கேட்டியா?" என்றபடி அண்ணன் பைக்கில் ஏறினார். வடுகபட்டியில் கல்யாண வீடாம்.

என் கிரகமா? பைக் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகினேன். குடத்தை அவர் கையில் திணித்தேன்.

"மோந்து வாழைக்கு ஊத்துங்க."

"ஏத்தா, நான் ஒனக்கு அண்ணன்!"

"அதுனாலதான் கொடத்தக் குடுக்கேன். வேற ஆளா இருந்தா கொடத்தாலயே அடிச்சிருப்பேன்."

என் முகத்தைப் பார்த்தவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நானும் இன்னொரு குடத்தோடு இறங்கினேன். இத்தனை மரத்துக்குக் குடம் எந்த மூலைக்கு? தெரிந்துதான் ஊற்றினோம். சனி, ஞாயிறும் அவரை விடவில்லை.

ஞாயிறு வெயில் சாயும் நேரம், அவர் தண்ணீர் கொண்டுபோன வாழை அவர் கண்ணெதிரிலேயே நடுவில் மடிந்தது. பாதி திரண்ட குலை மண்ணில் மோதியது. அண்ணன் குடத்தை வைத்துவிட்டு நின்றார்.

"போயிருச்சேத்தா..."

ஆனாலும் என் மனசு இறங்கவில்லை.

"அடுத்த மரத்துக்கு ஊத்துங்க" என்றேன்.