நான்காம் மாடியில் கடல்

எங்கள் குளியலறையில் போன வாரத்திலிருந்து கடல் இருக்கிறது. சிறியதுதான். காலையில் கணுக்கால் வரை ஏறும். நான் அலுவலகம் கிளம்பும்போது இறங்கிவிடும்.

காரணம் தெரிந்ததே. போர் தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கும் இயந்திரத்தில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. எடுத்த உப்பெல்லாம் அந்த மூட்டு வழியாகக் கசிகிறது.

சனிக்கிழமை பத்மநாபன் கதவைத் தட்டினார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். மொட்டை மாடித் தொட்டியின் அலாரம் பழுதானதிலிருந்து அந்த வேலையையும் அவரே பார்க்கிறார்.

"தம்பி, மூணாவது மாடிக்கு மேல கடல் வச்சுக்கக் கூடாதுன்னு போன மீட்டிங்லயே பேசி முடிச்சாச்சு. நீங்க வரல."

"அன்னைக்கு சுகிர்தாவுக்குக் காரியம் சார்."

"தெரியும். அதான் இத்தனை நாள் ஒண்ணும் சொல்லல. ஆனா கீழ் வீட்டு அம்மா தலையில நெத்திலி விழுதாம். அவங்க சைவம்."

"சரி பண்ணிடறேன்."

"சாயங்காலத்துக்குள்ள பண்ணுங்க. இல்லேன்னா உங்க வீட்டு லைனை... தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. மோட்டாரை நிறுத்தவும். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது."

அவர் மூக்கை அழுத்தினேன். நின்றது.

"தேங்க்ஸ்பா. கட் பண்ணிடுவேன்," என்றார்.

சுகிர்தா என் மனைவி. இறந்து மூன்று மாதம் ஆகிறது. இயந்திரத்தை வாங்கியது அவள்தான். இந்தத் தண்ணீரில் குளித்தால் தலையில் ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லி வாங்கினாள்.

மூட்டைக் கழற்றினேன். உள்ளே கம்பெனி வளையம் இல்லை. ஒரு கறுப்பு ரப்பர் பேண்ட் இருந்தது, இரண்டு சுற்றாக. சுகிர்தா தலைக்குப் போடுவது. எப்போது மாட்டினாள் என்று தெரியவில்லை. அதில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டர் எங்கள் மாடியிலேயே, நடையின் கடைசியில் இருக்கிறது. வழக்கமாகப் பத்தடி தூரம். அன்று ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

கவுன்டரில் இருந்த பெண் தண்ணீரில் உப்பை அளக்கும் மீட்டரை என் வாய்க்குள் வைத்தாள்.

"ஆயிரத்து நானூறு. குடிக்க லாயக்கில்ல சார்."

"நான் கஸ்டமருங்க."

"அப்ப பரவால்ல. மிஷின் யார் பேர்ல இருக்கு?"

"என் மனைவி பேர்ல."

"அவங்கள வரச் சொல்லுங்க."

"இறந்துட்டாங்க."

அவள் திரையைப் பார்த்தாள். "வாரண்டி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே. எப்படி சார் இறந்தாங்க?"

"காய்ச்சல்."

"ஐயோ. காய்ச்சலுக்குக் கவர் ஆகாது." உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

புது வளையத்தைச் சிவப்பு வெல்வெட் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் சந்தனக் கிண்ணமும் இருந்தது.

"பழசைக் குடுங்க. பழசைக் குடுத்தாத்தான் புதுசு."

"பழசை என்ன பண்ணுவீங்க?"

கவுன்டரில் ஒரு துளையைக் காட்டினாள். உள்ளே மாவு அரைப்பது போல் சத்தம் கேட்டது.

ரப்பர் பேண்டை எடுத்துக் காட்டினேன்.

"இது எங்க பார்ட் இல்லையே சார்."

"ஆனா இதுதான் ஓடிட்டிருந்துச்சு."

"ஓடுச்சுன்னா எங்க பார்ட்தான். போடுங்க."

"முடியை மட்டும் எடுத்துக்கட்டுமா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "முடியும் சேர்ந்துதான் கசிவை அடைச்சிருக்கு. அதுவும் பார்ட்."

எனக்குப் பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார். "போட்டுட்டு நகருங்க சார். நான்லாம் பாக்கவே மாட்டேன், கேட்டதும் குடுத்துடுவேன்." அவருடைய இடது காது புத்தம் புதிதாக இருந்தது.

துளைக்கு மேல் கையை நீட்டினேன். சத்தம் கொஞ்சம் கூடியது. கையை மடக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"புதுசு வேண்டாம்."

"அப்ப கசியுமே சார்."

"கசியட்டும்."

"சரி. எங்க சர்வீஸுக்கு அஞ்சுக்கு எத்தனை குடுப்பீங்க?"

"அஞ்சு," என்றேன்.

திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது. நடை பத்தடிதான் இருந்தது. வாசலில் பத்மநாபன் ஸ்பேனரோடு நின்றிருந்தார். குழாய் இணைப்பைத் துண்டித்துவிட்டார். கடல் கூடத்துக்கு வந்திருந்தது.

ரப்பர் பேண்டைப் பழைய இடத்தில் மாட்டினேன். முடி அறுந்துவிடாமல் மெதுவாக மாட்டினேன்.

"லைனே இல்ல, அப்பவும் ஏறுதேப்பா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டம்மாவைக் கரைச்சது இந்தக் கடல்லயா?"

"இல்ல சார். அது வேற. இதைவிட அழுக்கா இருக்கும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் மொட்டை மாடியிலிருந்து செங்கல் கொண்டுவந்தேன். மழைக்காலத்தில் செய்வதுதான். அவர் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, நான் கால்களுக்கு அடியில் வைத்தேன். என் பக்கம் ஒன்று. சுகிர்தாவின் பக்கம் இரண்டு.

"கோணலா இருக்கே."

"இருக்கட்டும் சார்."

"தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது," என்றார். "மோட்டாரை நிறுத்தவும்."

இந்த முறை மூக்கை அழுத்தவில்லை. அவர் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

என் பக்கம் படுத்தேன். கட்டில் சரிவாக இருந்தது. கையை நீட்டி, அந்தப் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.