மரகதவல்லி கடலில் இருந்த நேரம்

தூத்துக்குடியில் ஓடுகிற ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்பதை நகரத்தின் தரவுத்தளம்தான் முடிவு செய்கிறது. நின்றாலும் திரும்பினாலும் போனில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், அதே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டிருப்பதாக அது எழுதிக்கொள்ளும்.

ஆட்டோ ஓட்டும் மரகதவல்லி, மகளின் வளைகாப்புக்காகக் கிழக்கே போகும் வழியில் பூ வாங்க நிறுத்தினாள். சொல்ல மறந்துவிட்டாள்.

மண்டப வாசலில் காவலாளி சங்கரபாண்டி திரையைப் பார்த்தார்.

“உள்ள விட முடியாது ஆச்சி. நீங்க கடல்ல இருக்கிய.”

“ஒம்ம முன்னாலதானய்யா நிக்கேன்?”

“நிக்கிய. ஆனா இருக்கிறது அங்க.”

மகள் செண்பகம் வயிற்றைத் தாங்கியபடி வாசலுக்கு வந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனில் கூப்பிட்டாள்.

“எம்மா, அங்க அலை ஜாஸ்தியா?”

“ஏட்டி, எதுத்தாப்புலதான் நிக்கேன்.”

“சரிம்மா. நனையாம வா. நீ வளையல் போட்ட பொறவுதான் மத்தவங்க போடணும்.”

மரகதவல்லி போனை எடுத்தாள். “இங்கதான் இருக்கேன்னு இப்ப சொல்லிட்டா?” என்று காவலாளியிடம் கேட்டாள்.

“எங்க இருக்கியளோ அங்க இருந்துதான் சொல்லணும்.”

அது நியாயமாகத்தான் பட்டது. ஆட்டோவைக் கடலில் விட்டாள். ரோட்டைவிடப் பள்ளம் குறைவு. வெகுதூரத்தில், அவள் இருக்க வேண்டிய இடத்தில், பையும் கையுமாக ஒருவர் அலைமேல் உட்கார்ந்திருந்தார்.

“போன்ல பாத்தா ஆட்டோ எப்பவோ வந்தாச்சு. நீங்க இப்பதான் வாரிய,” என்று கடிந்துகொண்டே ஏறினார்.

மரகதவல்லி திரும்புவதாகச் சொன்னாள். தரவுத்தளம் ஏற்றுக்கொண்டது.

மண்டபத்தில் சங்கரபாண்டி எழுந்து கும்பிட்டார். “இப்ப வந்துட்டிய. ஆனா நிக்காதிய. கடல் வரைக்கும் போனவங்கள நிக்கிற ஆளா சிஸ்டம் எடுத்துக்கிடாது. சுத்துங்க.”

மண்டபத்தைச் சுற்றினாள். ஒவ்வொரு திருப்பத்தையும் பயணி போனில் சொன்னார். செண்பகம் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மரகதவல்லி சுற்றுக்கு ஒரு வளையல் போட்டுவிட்டாள்.

“எம்மா, கை வலிக்கி. நானும் ஏறிக்கிடுதேன்.”

ஓடும் ஆட்டோவில் அலுங்காமல் ஏறினாள்.

சங்கரபாண்டி திரையைப் பார்த்து, “வளைகாப்பு கிளம்பிருச்சு!” என்று கத்தினார். சொந்தக்காரர்கள் சாப்பாட்டு இலைகளை ஏந்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். மாப்பிள்ளை பாயச வாளியோடு முந்தினார்.

பீச் ரோட்டில் செண்பகம் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

“பிள்ள உதைக்குதும்மா.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.”

மரகதவல்லி இடது பக்கம் திருப்பினாள். பயணி போனை எடுத்துச் சொன்னார்.