நேர்ச்சாலையில் நாற்பது

முட்டை லோடு ஏற்றிய வண்டிகூட இவ்வளவு பதமாகப் போகாது என்று கண்டக்டர் கேலி செய்வார். பஸ் நிற்கப்போகிற கடைசி நொடியில் பிரேக்கை லேசாகத் தளர்த்தினால், நிற்பவர்களைப் பின்னால் தள்ளும் குலுக்கல் இருக்காது. கொஞ்ச நாளாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் அப்படித்தான் நிறுத்தினார். வாயும் வயிறுமாக இந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வரும் பௌதிக டீச்சர் அவருடைய மகள்.

மனதுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுவாரம் புருஷனோடு வந்து கதவைத் தட்டினாள், அவர் திறக்கவில்லை. அதோடு அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். மாற்றலாகி இந்தப் பக்கம் வந்த பிறகும், ஏறியதும் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வாள். மேலே இருக்கும் கண்ணாடியில் அவள் பின்னல் கொஞ்சம் தெரிந்தாலே அவருக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது. 'அவள் ஒரு வார்த்தை பேசட்டும், சாமி' என்று கைகூப்பிவிட்டுத்தான் தினமும் வண்டியை எடுப்பார்.

அன்று பின்சீட்டெல்லாம் நிறைந்திருந்ததால், அவருக்குப் பின்வரிசையிலேயே ஒரு மாணவியோடு வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், நேத்து நீங்க சொன்னதை நம்பவே முடியல. பஸ் நாப்பதுல ஓடுது. நிகர விசை பூஜ்ஜியம்னா எப்படி ஓடும்?"

"ஏண்டி வாயாடி, இஞ்சின் முன்னாடி தள்ளுது. காத்தும் உராய்வும் பின்னாடி இழுக்குது. ரெண்டும் சமம். கூட்டிக் கழிச்சா பூஜ்ஜியம்."

"அப்போ நின்னுடணுமே?"

"விசை வேணும்கிறது ஓடறதுக்கில்ல, மாறறதுக்கு. வேகமோ திசையோ மாறினா திசைவேகம் மாறிடுச்சுன்னு அர்த்தம். அந்த மாற்றம்தான் முடுக்கம். இப்படியே நேரா, ஒரே வேகத்துல போனா ஒண்ணும் தெரியாது."

"வளைவுல என் மேல வந்து விழுந்தீங்களே, அது முடுக்கமா?"

"விழுந்தது நீ!"

"சரி, மாத்தணும்னா இன்னும் பலமா தள்ளணுமா?"

"தள்ளலாம். எதிர்ல இழுக்கிறது கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் போதும்."

டிரைவர் இத்தனை நாளும் அவளைத் தன் பக்கம் தள்ளிவிடும்படி கடவுளைக் கேட்டாரே தவிர, தன் பிடியைத் தளர்த்தித் தரும்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. கைபிரேக்கை இழுத்துவிட்டு அவர் கீழே இறங்கினார்.

"அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க? வண்டிய நான் ஓட்டவா?" என்றார் கண்டக்டர்.

அவர் சுற்றி வந்து படிக்கட்டின் அடியில் நின்று கையை நீட்டினார். "படி உயரம்மா. பாத்து இறங்கு."

மகள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் பாரம் முழுவதையும் அதில் கொடுத்து இறங்கினாள்.

"மாப்பிள்ளையைப் பாக்க வரணும்மா. நான் செஞ்சது தப்புன்னு அவர்கிட்டச் சொல்லணும்."

அவள் கையை விடவில்லை. உள்ளே யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள்.

"போங்கப்பா, எல்லாரும் காத்திருக்காங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை வாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அவர் இருக்கைக்குத் திரும்பினார். மைதானத்தைக் கடந்து, மெல்ல நடந்து, அவள் கட்டடத்துக்குள் மறையும்வரை கண்டக்டர் விசில் ஊதவில்லை.