கொக்கியில் மாட்டிய துப்பாக்கி

ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போன பிறகுதான் ரூல்ஸ் அண்ணன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். பெல்ட் இல்லை. அதில் இருந்த துப்பாக்கியும் இல்லை.

"டாய்லெட் கொக்கியில மாட்டினேம்மா..." என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் ரயில்வே போலீஸ் நிலையத்தில் இந்த மனிதரிடம் பாட்டு வாங்காத ஆளே கிடையாது. தொப்பி கோணினால் ஒரு பாட்டு, பூட்ஸ் கயிறு தளர்ந்தால் ஒரு பாட்டு. ரூல்ஸ் என்று பெயர் வந்ததே அப்படித்தான். அப்பேர்ப்பட்டவர், என்னோடு ரயில் காவலுக்கு வந்த இடத்தில், குண்டு நிரப்பிய துப்பாக்கியை மாட்டிவிட்டுச் சாவகாசமாகக் கை கழுவிக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

துப்பாக்கி ரயிலோடு போய்விட்டது என்று கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன்; எந்தப் பெட்டி என்றும் சொன்னேன். எப்படிப் போனது என்று கேட்டார்கள். நேரில் சொல்கிறோம் என்று வைத்துவிட்டேன். அடுத்த நிலையத்தில் ரயிலை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள். ஜீப்பில் ஏறிப் பறந்தோம்.

"எவனோ பறிச்சிட்டான்னு சொல்லிடலாம்மா. நீயும் பார்த்தேன்னு சொல்லு. மறந்துட்டேன்னு சொன்னா வேலையே போயிடும். பொண்ணு இப்பதான் காலேஜ் போறா."

"வாய மூடிட்டு வாங்கண்ணே!" என்றேன். என்னைவிட மூத்தவர் என்றெல்லாம் அப்போது பார்க்கவில்லை. ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் பெண்ணை எனக்குத் தெரியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெட்டியைக் காலி செய்திருந்தார்கள். டாய்லெட் கதவைக் குறிவைத்து நாலு போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் எங்களிடம் வந்தார்.

"உள்ள ஒருத்தன் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இருக்கான். தட்டித் தட்டிப் பார்த்தாச்சு, திறக்கமாட்டேங்கிறான். உங்ககிட்ட பறிச்சவன்தானே? அப்படின்னா இனிமே பேச்சே இல்ல. கதவ உடைப்போம். கைய அசைச்சான்னா சுடுவோம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பொய்யைச் சொல்லித் தொலைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லங்கய்யா. யாரும் பறிக்கல. நான்தான் மறந்து வச்சிட்டு இறங்கிட்டேன்."

யாரும் தடுப்பதற்குள் விறுவிறுவென்று கதவுக்கு முன்னால் போய் நின்றார். "தம்பி, அந்தத் துப்பாக்கி என்னோடது. தப்பு முழுக்க என்னோடது. உன்னை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. திறப்பா."

உள்ளேயிருந்து அழுகைக் குரல் வந்தது. "எடுத்துட்டு வந்தா திருடன்னு அடிப்பீங்க. விட்டுட்டு வந்தா வேற எவனாவது தூக்கிட்டுப் போவான். நான் என்ன சார் பண்றது? அதத் தொடவே இல்ல சார்!"

"தொட்டிருந்தாலும் பரவாயில்லடா ராசா. வெளிய வா."

கதவு திறந்தது. என் தம்பி வயதில் ஒருவன், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, வியர்வையில் தொப்பலாக நனைந்து நின்றான். பின்னால் கொக்கியில் பெல்ட் மாட்டியபடியே தொங்கியது. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. முதலில் அவனைத்தான் இழுத்துக் கட்டிக்கொண்டார்.

நான் உள்ளே போய் எடுத்து எண்ணினேன். குண்டெல்லாம் அப்படியே இருந்தது. அப்பாடா! ரயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"டிக்கெட் இல்ல சார். பரிசோதகருக்குப் பயந்துதான் உள்ள ஒளிஞ்சேன்," என்றான் அவன். இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"தண்டனை உண்டு, அதுல மாத்தமில்ல. ஆனா வேலை போகாம நான் பேசறேன். பறிச்சான்னு நீ சொல்லியிருந்தா, இவனப் பொணமால்ல தூக்கிட்டுப் போயிருக்கணும்."

அண்ணன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். இன்னொரு கை அந்தப் பையனின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தது. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று அண்ணி கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லம்மா," என்று தேம்பினார். "யாரும் சாகல. அதான்."