கைராசி வாழை

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி நாகலக்ஷ்மி. கண்டுபிடித்ததோடு விடாமல், அதற்குக் காரணம் நான்தான் என்பதையும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

"எல்லாராத்துலயும் தண்ணி கொட்டறது. நம்மாத்துக் குழாய் மட்டும் புஸ் புஸ்னு ஊதறது. ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் பதில் எழுதறேளே, இதுக்கும் ஒரு பதில் சொல்லுங்கோ."

மழை பொய்த்த வருஷம் அது. வைகைப் பாலத்துக்குக் கீழே பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். காளவாசலுக்கு மேற்கே எங்கள் தெருவில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். அதுவும் மேலே ஏறாது என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் இடுப்பளவு குழி வெட்டி, குழாயை அதற்குள் இறக்கியிருந்தோம். குடும்பத் தலைவர்கள் காலையில் குழிக்குள் இறங்கி நிற்பதைத் தெருவில் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

நான் எதையும் வரிசையாக யோசிக்கிறவன். தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது. எதிர்வீட்டில் வருகிறது. எங்கள் குழியில் மட்டும் வரவில்லை. ஆகவே தெருவுக்கும் எங்கள் குழிக்கும் நடுவில், பூமிக்குள் எங்கேயோ ஓட்டை. இதுவரை சரி. ஆனால் வீட்டை எங்களுக்கு விற்றவர் குழாயை எந்த வழியாகக் கொண்டுவந்தார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் காலமாகிவிட்டார்.

குழாய் வேலை பார்க்கும் சங்கிலியைக் கூட்டிவந்தேன். வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தான்.

"குழாய்னா நேராத்தான் சாமி போகும். அதென்ன பாம்பா, வளைஞ்சு போக?"

வாசலில் ஒரு குழி வெட்டினான். குழாய் இல்லை. துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. அங்கேயும் இல்லை.

"என்னப்பா சங்கிலி?"

"நான் வெட்டுன எடம் சரிதான் சாமி. குழாய்தான் இருக்கவேண்டிய எடத்துல இல்ல. போட்டவன் தப்பு." மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். "டீ குடிச்சிட்டு வாரேன்." அந்த வாரம் அவன் வரவில்லை.

ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு தவளை. ஊரே வெடித்துக் கிடக்கையில், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள காம்பவுண்ட் சுவரின் அடியில் அது சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. ஒரு தவளை அங்கே குடித்தனம் செய்கிறதென்றால் காரணம் இருக்கவேண்டும். இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துச் சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி மண்ணில் குத்திக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் கம்பி புழுதியோடு வந்தது. தவளையின் இடத்தில் சேறோடு வந்தது. வெட்டிப் பார்த்தேன். பழைய வீட்டுக்காரர் எதை மிச்சம் பிடிக்க நினைத்தாரோ, குழாயைக் குறுக்கே இழுத்துச் சுவரை ஒட்டிக் கொண்டுபோயிருந்தார். மூட்டு ஒன்று துருப்பிடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பொத்தல். காலையில் தண்ணீர் வந்ததும் அது சுவரின் அடிக்கல்லைப் பார்த்துச் சீறியடித்தது. எங்கள் குழிக்கு மிஞ்சியது காற்றுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சீனியம்மாளின் வாழை நின்றது.

அந்த வாழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே புரியாது. தெருவில் முருங்கை கூட இலை உதிர்த்து நின்ற கோடையில், சீனியம்மாள் வீட்டு வாழை மட்டும் கரும்பச்சையாகத் தழைத்துக் குலை தள்ளியிருந்தது. காரணம் அவளுடைய கைராசி என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் பந்தக்கால் நட அவளைத்தான் கூப்பிடுவார்கள். புது வீட்டில் பால் காய்ச்ச அடுப்புப் பற்றவைப்பவள் அவள். அவள் புருஷனுக்குக் கப்பலூரில் ஷிப்டு வேலை. வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் தூங்குவார். கைராசி முழுவதும் அந்த அம்மாள் பொறுப்பில்தான் இருந்தது.

நான் குழிக்குள் குனிந்திருக்கையில் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. ஓட்டையைப் பார்த்தாள். தண்ணீர் பாயும் திக்கைப் பார்த்தாள். திரும்பி வாழையைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"சாமி, இதை யாருகிட்டயும் சொல்லிட்டீகளா?"

"இல்லையே. இப்போதுதான் பார்க்கிறேன். நாளைக்கே அடைத்துவிடலாம்."

"அடைக்காதீக சாமி. என் மக வாழ்க்கை அந்த ஓட்டையிலதான் நிக்குது."

அவள் மகள் மாயக்காள் இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடப்பாள். வந்த வரன்களெல்லாம் அந்த நடையைப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, 'சொல்லி அனுப்புறோம்' என்று போய்விட்டார்கள். கடைசியில் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து மொக்கையன் என்கிற விவசாயி தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்தார். அவர் கிணறு வற்றிப்போய்த் தென்னையெல்லாம் மொட்டையாகிவிட்டதாம். மனுஷர் பெண்ணின் காலைப் பார்க்கவில்லை. வாழையைத்தான் பார்த்தார். அடிமண்ணில் விரலை விட்டு ஈரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். 'கைராசிக்காரி தொட்டா மண்ணுக்கும் வேர்க்கும் போலருக்கே. தாய்க்கு இம்புட்டுன்னா மகளுக்கு எம்புட்டு இருக்கும்!' ஆவணியில் கல்யாணம் என்று அங்கேயே நிச்சயம் பண்ணிவிட்டார்.

"தாலி ஏறுற வரைக்கும் அது பாட்டுக்கு ஒழுகட்டும் சாமி. வாழை வாடுச்சுன்னா அந்த மனுஷன் கண்ணு கால்மேல வந்துரும்."

"அதுவரை எங்களுக்குத் தண்ணீர்?"

"நானும் மாயக்காவும் தெருக் குழாயில பிடிச்சுச் சுமந்து போடுறோம்."

நான் நியாயத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். "அது கைராசி இல்லையம்மா, எங்கள் வீட்டுத் தண்ணீர்."

"ஓட்டை உங்க பக்கம் விழுந்துச்சு. தண்ணி எம் பக்கம்ல பாய்ஞ்சிருக்கு? அதுக்குப் பேரு என்ன சாமி?"

நாகலக்ஷ்மியிடம் போனேன், அவளாவது மறுப்பாள் என்று.

"பொண்ணு கல்யாணமாச்சே! ஒழுகிட்டுப் போகட்டும்," என்றாள். குழாய்க்காக என்னை உண்டு இல்லை என்று பண்ணினவள் இவள்தான். குடங்களைப் புளி போட்டுத் தேய்த்துச் சீனியம்மாளிடம் கொடுத்தாள். பித்தளை எங்களுடையது, இடுப்பு அவளுடையது. அந்த ஏற்பாட்டில் நாகலக்ஷ்மியின் ஆசாரம் திருப்தியடைந்துவிட்டது.

இப்படியாக, எங்கள் தண்ணீர் தானாகவே அவர்கள் வாழைக்குப் போக, அவர்கள் தெருத் தண்ணீரைச் சுமந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒருநாள் சங்கிலி டீ குடித்து முடித்து வந்தான். குழிமேல் போட்டிருந்த பலகையைத் தூக்கிப் பார்த்தான்.

"அட, நாஞ் சொன்ன எடந்தான்! அடைச்சிரலாமா சாமி?"

"வேண்டாம். ஆவணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்."

"ஓட்டையை அடைக்க நல்ல நாள் பாக்குற வீட்டை இப்பத்தேன் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தல் வாசலில் கட்ட வேறு வாழை கூடாது, அந்தக் குலை தள்ளிய வாழைதான் வேண்டும் என்று மொக்கையன் அடம்பிடித்து, மரத்தை வெட்டிக் கட்டவைத்தார். எனக்கு நிம்மதி. தாலியும் ஏறியது, வாழையும் போயிற்று. மறுநாளே சங்கிலியைக் கூப்பிட்டேன். துருப்பிடித்த துண்டை அறுத்தெடுத்து, புதுக் குழாய் வைத்து, மரையில் சணல் சுற்றிப் பெயிண்ட் தடவி முறுக்கினான். தண்ணீர் விடும் நேரத்துக்கு நான் குழிக்குள் இறங்கினேன்.

"இருங்கோ!" என்றாள் நாகலக்ஷ்மி. "சீனியம்மா வரட்டும். அவ கையால திறந்தா நல்லது."

ஓட்டையைக் கண்டுபிடித்தவன் நான். அடைத்தவன் சங்கிலி. திறந்தவள் சீனியம்மாள். தண்ணீர் குடத்தில் சத்தம் போட்டு விழுந்தது.

"பார்த்தேளா?" என்றாள் என் மனைவி.

சீனியம்மாள் மட்டும் சந்தோஷப்படவில்லை. இரண்டு நாள் கழித்துச் சுவரோரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சாமி, ஒரு சங்கடம். மறுவீட்டுக்கு வாரப்ப வாழைக் கன்னு வேணும்னு சம்பந்தி சொல்லியிருக்காரு. அவுக கிணத்து மேட்டுல மாயக்கா கையால நடணுமாம். மரத்தடியில கன்னு நாலு நிக்குது. நேத்துலருந்தே துவளுது. கருகுன கன்னைக் கொண்டுபோனா எம் புள்ளைய அங்க என்ன பேசுவாகளோ."

"தண்ணீர் ஊற்றுங்களேன்."

"எங்க குழாயில வாரது குடிக்கவே காணாது. சுமந்து சுமந்து எனக்கு இடுப்புப் பிடிச்சிக்கிட்டு எந்திரிக்க முடியல." எங்கள் குழியை எட்டிப் பார்த்தாள். "உங்களுக்குத்தேன் இப்ப நல்லா வருதே."

அவள் யாருக்காகச் சுமந்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. நாகலக்ஷ்மி சொன்னாள்.

அன்று முதல் ஆபீசுக்குக் கிளம்புமுன் குழிக்குள் இறங்கி, குடம் பிடித்து, சுற்றிக்கொண்டு போய், அந்தக் கன்றுகளுக்கு ஊற்றினேன். முன்பு இந்த வேலையை ஒரு பொத்தல் செய்துகொண்டிருந்தது.

மறுவீட்டு நாளில் மொக்கையன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்தாராம். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் குடத்தோடு கன்றுகளுக்கு நடுவே நான் நிற்க, மாப்பிள்ளை, மாயக்காள் சகிதம் அவர் பின்கட்டுக்கே வந்து நின்றார். சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாயக்காள் தன் காலைப் பார்த்துக் குனிந்தாள்.

மொக்கையன் என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். நனைந்த மண்ணைப் பார்த்தார். குடத்தைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"ஆத்தாடி!" என்றார். மகன் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தியாடா? இதாண்டா கைராசிங்கிறது! ஆபீஸ் சாமியே குடத்தைத் தூக்கிட்டு வந்து தண்ணி ஊத்துறாருடா இவுக வாழைக்கு! இப்படி ஒரு ராசிய எந்த ஊர்லயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?"

மாயக்காள் நிமிர்ந்தாள். அந்தப் பெண் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மொக்கையன் கையைக் கூப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். "சாமி, கன்னை நட்டதும் நம்ம கிணத்து மேட்டுக்கும் ஒரு நடை வந்து போகணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சீனியம்மாள் முந்தானையை எடுத்துவிட்டுக் கம்பீரமாகச் சொன்னாள்:

"அதெல்லாம் வருவாக அண்ணே. சாமி, அந்தக் கடேசிக் கன்னுக்குக் காணல. இன்னொரு குடம் கொண்டாங்க."

குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.