இருக்கைக்கு அடியில் ஒரு விசை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிய கதை இல்லை இது. வேவு பார்க்க உட்கார்ந்த இடத்தில், கை சும்மா இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் வந்தது.

என் மாடி ஜன்னலுக்குக் கீழே பக்கத்து வீட்டுக் கொல்லை. அமெரிக்காவில், இந்தியானாவில், எங்கள் ஊர்ப்பக்கம் கொல்லை என்று சொல்வதில் நம் ஊர்க்காரர்கள் ஒரு நகரே போட்டு விற்றுவிடுவார்கள். முழுக்கப் புல். அது சரிவாக இறங்கிப் போய்க் குளத்தில் முடிகிறது. சரிவின் பாதியில் ஒரு மரக்கொட்டகை. புல்லின் மேல், ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு, தன் புது பேட்டரி வண்டியில் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருப்பவர் வெர்லின் ஸ்டக்கி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லோர்னா சமையலறையில் இருக்கிறார். அந்தச் சமையலறை தெருவைப் பார்த்தது. அங்கிருந்து கொல்லை தெரியாது. முட்டி வலியோடு பின்கதவுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருக்கவும் அவரால் ஆகாது. அதனால் நான் பார்க்கிறேன்.

நான் பார்ப்பது வெர்லினுக்குத் தெரியக் கூடாது. மேசையில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று பேனாவை எடுத்தேன். பாவனைக்கு எடுத்த பேனா இப்படிக் கழுத்தில் உட்கார்ந்துவிட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"வெர்லினுடைய பழைய பெட்ரோல் வண்டிக்குக் குரல் இருந்தது. மேட்டில் ஏறும்போது முனகும். குளத்தோரம் ஈரப்புல்லில் தொண்டை கட்டிக்கொள்ளும். லோர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, புருஷன் இப்போது எந்த மரத்தைச் சுற்றுகிறார் என்று சொல்லிவிடுவார்."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிப்பவர், அடடா என்ன தாம்பத்தியம் என்று உருகி, மிச்சக் கதையும் இப்படியே போகும் என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். தயவுசெய்து சாய்ந்து உட்காராதீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: "குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்து வாசலில் காரைத் திறக்கும்போது வெர்லின் சத்தமில்லாமல்..."

(முடிக்கவில்லை. மயங்கி விழுந்தார், அவ்வளவுதான். நெஞ்சில் ஒரு சின்னக் கருவியை வைத்து அனுப்பினார்கள். மயக்கம் மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இப்படிச் சொல்ல எதற்கு டாக்டர், நானே சொல்லியிருப்பேனே.)

3

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்தால், அந்த வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம். உடனே யாராவது தன் வண்டியை ஓட்டிவந்து வெட்டிவிட்டுப் போவார்கள். கதவைத் தட்டுவதில்லை, கேட்பதில்லை, நன்றிக்கு நிற்பதும் இல்லை. வசந்தம் வந்ததும் எதிர்வீட்டு க்ளென் அப்படித்தான் வெர்லின் கொல்லையை வெட்டிக் கொடுத்தார்.

வெர்லின் பின்கதவுக் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று அதைப் பார்த்தாராம். க்ளென் வரி வரியாக வெட்டிய அழகையெல்லாம் ரசிக்கவில்லை. "என்னைப் பொதைச்ச எடத்துல பூ வைக்கிற மாதிரி இருக்கு" என்று மட்டும் லோர்னாவிடம் சொன்னாராம். அடுத்த வாரமே பேட்டரி வண்டி வந்து இறங்கிவிட்டது. கயிறு இழுக்க வேண்டாம், குலுக்கல் இல்லை, புகை இல்லை. ராத்திரி கராஜில் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் சார்ஜுக்குச் செருகி வைத்தால் காலையில் தயார். டாக்டரும் லோர்னாவும் சேர்ந்தாலும் மறுப்புச் சொல்ல முடியாதபடி வெர்லின் யோசித்து வாங்கியிருந்தார்.

"எனக்கும் பேட்டரி, வண்டிக்கும் பேட்டரி. எது மொதல்ல தீருதுன்னு பாப்போம்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார் என்னிடம். நான் சிரித்தேன். லோர்னா கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

4

பாத்திரங்களைப் பற்றி ஒரு சந்தேகம். இங்கே லோர்னா புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அவர்கள் மொழியில் நீ என்றும் நீங்கள் என்றும் பிரிவு கிடையாது. அவர்களுக்கு மரியாதை விகுதி போடுவது நான்தான். அதே போல கயல்விழி என்ற என் பெயரை இந்தத் தெரு கேல் ஆக்கிவிட்டது. ஒருவருக்கொருவர் செய்துகொண்ட திருத்தம். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. இவர்கள் பயமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். லெமனேடு கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். லோர்னா அப்படித்தான் வந்தார். ஜாடியை மேசையில் வைத்துவிட்டு மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"நீ எப்பவும் மேல அந்த ஜன்னல்லதான உக்காந்து எழுதுவ, கேல்? வெர்லின் வெட்டுறப்ப மட்டும் ஒரு கண்ணு வச்சுக்கிறியா?"

சரி என்றேன். போகும்போது படியில் நின்று திரும்பினார்.

"முன்னெல்லாம் சத்தம் நின்னுச்சுன்னா ஓடிப் போயிப் பாப்பேன். இப்ப எந்நேரமும் நின்ன மாதிரியே இருக்கு, கண்ணு."

(வண்டியின் கத்தி சுழல்கிற ரீங்காரம் கிட்டப் போனால் கேட்கும். ஜன்னல் சாத்தி ஏசி ஓடுகிற சமையலறைக்குள் அது வராது. இந்த வண்டியை வாங்கும்போது எல்லோரும் புகழ்ந்து சொல்வது அதன் அமைதியைத்தான்.)

5

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் கதையே இல்லை.

இப்படிப்பட்ட வண்டியில் இருக்கைக்கு அடியில் ஒரு விசை உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால்தான் வண்டி ஓடும், கத்தி சுழலும். எழுந்தாலோ விழுந்தாலோ எல்லாம் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் வழியில் கிடக்கும் ஒரு குச்சியை எடுத்து எறியப் பாதி எழுந்தாலும் நின்றுவிடும். இந்தத் தெரு ஆண்களுக்கு அது தாங்காது. வண்டி வாங்கியதும் அவர்கள் செய்கிற முதல் வேலை, அந்த விசையின் வாயை அடைப்பது. பெட்ரோல் வண்டிக் காலத்திலிருந்து வருகிற பழக்கம். க்ளென் வண்டியிலும் அப்படித்தான்.

வெர்லின் எனக்கு இருக்கையைத் தூக்கியே காட்டினார். விசையை அமுக்கி ஒரு மரச்சில்லு, அதன் மேல் பிளாஸ்டிக் பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"எந்திரிச்சா நின்னுருது, எந்திரிச்சா நின்னுருது. நாற்பது பிள்ளைங்கள பஸ்ஸுல உக்கார வச்சவன் நான். என்னைய இது உக்கார வைக்குமா?" என்றார். "இப்ப நான் சீட்டுல இல்லன்னாலும் அதுக்குத் தெரியாது." இருக்கையை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார். "லோர்னாகிட்ட சொல்லிராத, கேல்."

அதற்கும் சரி என்றேன். எல்லோருக்கும் சரி சொல்கிற ஆள் ஒருத்தி எல்லாத் தெருவிலும் இருப்பாள்.

இப்போது நீங்களே சேர்த்துப் பாருங்கள். மிதியிலிருந்து காலை எடுத்தாலும் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற பொத்தான் அந்த வண்டியில் இருக்கிறது. வெர்லின் அதைப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறார். சரிவு இருக்கிறது, அடியில் குளம் இருக்கிறது. மயக்கம் வந்து அவர் விழுந்தால் வண்டி நிற்காது. நிற்காதது யாருக்கும் கேட்காது. கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று...

6

மனைவியின் ரகசியம் ஒரு கையில், புருஷனுடையது இன்னொரு கையில். யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது. சொல்லிக்கொண்டும் இருக்கிறேன், பக்கம் பக்கமாக. இந்தத் தெருவில் ஒருத்தராலும் படிக்க முடியாத மொழியில். எச்சரிக்கைப் பலகையை எழுதி, பத்திரமாக என் மேசைக்குள்ளேயே நட்டு வைத்திருக்கிறேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

ஒரு சின்ன விஷயம். முதலில் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். வணக்கமும் அதுதான், போய்வருகிறேனும் அதுதான். வெர்லின் ஒவ்வொரு சுற்றிலும் கொட்டகைக்குப் பின்னால் மறைவார். மறுபுறம் வெளியே வரும்போது இரண்டு விரல் உயரும். பழக்கதோஷம், பஸ் ஓட்டிய கை என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் தெரு கிடையாது, ஆள் கிடையாது. அங்கிருந்து தெரிவது என் ஜன்னல் மட்டும்தான்.

அவருக்குத் தெரியும். யார் சொல்லி நான் பார்க்கிறேன் என்பதும் தெரியும். அன்றிலிருந்து அந்த இரண்டு விரலைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.

7

முடிவுகள்.

ஒன்று. லோர்னாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் கராஜுக்குப் போய்ப் பட்டையை அறுத்து எறிகிறார். வெர்லின் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஆனால் எங்கள் எல்லையைத் தாண்டி என் பக்கம் ஒரு வரி சேர்த்து வெட்டுவாரே, அதை நிறுத்திவிடுவார். கோடு கிழித்த மாதிரி எல்லையில் நிற்கும் புல். இங்கே அதைவிடப் பெரிய சண்டை கிடையாது. இந்த முடிவுக்குத் துணிச்சல் வேண்டும். பாத்திரத்துக்கு இல்லை, எனக்கு.

இரண்டு. லோர்னா வண்டியின் பின்னால் ஒரு மணியைக் கட்டி விடுகிறார். கொல்லை முழுக்க மணிச்சத்தம். சமையலறையில் அவர் முகம் மலர்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால் கிழித்துப் போட்டேன். பிறகு பாவமாக இருந்து ஒட்டி வைத்திருக்கிறேன். வாசகர்களில் இனிப்புப் பிடித்தவர்களும் இருப்பார்கள்.

மூன்றாவது முடிவுக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். "கொட்டகைக்குப் பின்னாலிருந்து வண்டி மட்டும் வந்தது." எழுதினால் நடந்துவிடுமோ என்ற பயம், இத்தனை வருஷம் எழுதியும் போகவில்லை. வாக்கியத்தை அடித்தேன். அடித்தும் எழுத்து தெரிகிறது என்று அதன் மேலேயே கறுப்பாகத் தேய்த்தேன். இப்போது ஏன் உங்களுக்குத் திரும்பச் சொன்னேன் என்று தெரியவில்லை.

8

சனிக்கிழமை. நல்ல வெயில். மணி கட்டுகிற முடிவில் "மலர்கிறது" என்ற சொல் பிடிக்காமல் அதை மாற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது புல் மேல் யாரும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் போயிருப்பார்.

எப்போது போனார்? நான் பார்க்கவில்லை. சொல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

போன் அடிக்கிறது. லோர்னா.

"வெர்லின் எங்க இருக்காரு, கேல்?"

"கொட்டகைக்குப் பின்னால."

"ரொம்ப நேரமாவா?"

"இல்ல, இப்பதான் போனாரு."

கதை எழுதுகிறவளுக்குப் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள். லோர்னா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கொட்டகையின் மறுபுறம் வெறும் வெயில். இரண்டு விரல் வரவில்லை. இரண்டு பேருக்கும் சொன்ன சரியில் ஒன்றை உடைக்கிறேன்.

"லோர்னா, அந்த வண்டி சீட்டுக்கு அடியில ஒரு கட்டைய வச்சுக் கட்டியிருக்காரு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். பிறகு அது நின்றது.

"தெரியும், கண்ணு. நான் எடுப்பேன், அவரு திரும்ப வைப்பாரு. அதனாலதான் உன்னைய பாக்கச் சொன்னேன்."

9

பேட்டரி தீர்ந்து வண்டி நின்றிருக்கலாம். அவர் இறங்கி நின்று அதைத் திட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு குச்சியைப் பொறுக்க எழுந்திருக்கலாம். அல்லது நான் கறுப்பாகத் தேய்த்த அந்த வாக்கியம். இவற்றில் எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. லோர்னா மாதிரி நீங்களும் ஒரு சத்தமும் கேட்காத இடத்தில் உட்கார்ந்து என்னை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இருக்கையில் இருக்கிறேனா என்று உங்களுக்குத் தெரியாது. நான் இல்லாமலே வரிகள் ஓடிக்கொண்டே போனால் அதுவும் உங்களுக்குத் தெரியாது.

அப்படி ஓட விட மாட்டேன். என் நாற்காலியின் விசையை யாரும் கட்டி வைக்கவில்லை. எழுந்தால் கதை நின்றுவிடும்.

எழுகிறேன்.