அப்பாவின் பெயரையும் படியுங்கள்

"நாளைக்கு ஆன்மாக்கள் பூசையில எங்கப்பா பேரையும் படிக்கணும், ஃபாதர்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வழியெல்லாம் கெஞ்சியிருந்தாள். இப்போது கோயிலின் கடைசி பெஞ்சில் முழங்காலிட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் கேஸ்துதிஸ் செத்தவர்களின் பெயர்ச்சீட்டுகளை அடுக்குவதை நிறுத்தினார். "வைவா, உங்கப்பா நெருப்பு கும்பிட்டவர்."

"ஞாயித்துக்கிழமை இங்கயும் முட்டி போட்டவர்தான்."

அப்பா சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டுகிறவர். கோடையில் காட்டுக்குள் பழைய தெய்வக்காரர்களோடு இடித் தெய்வத்துக்கு ரொட்டியும் பீரும் நெருப்பில் போடுவார். இரண்டும் ஒரே வானம்தானே என்பார். செப்டம்பரில் செத்தபோது அம்மா ஒரு தப்புச் செய்தாள். அவர் கையில் ஜெபமாலையைச் சுற்றி, இடுப்பில் அந்தக் கூட்டத்தார் நெய்து கொடுத்த கச்சையையும் கட்டிவிட்டாள். கச்சையைப் பார்த்து ஃபாதர் திரும்பிப் போனார். ஜெபமாலையைப் பார்த்து நெருப்புக்காரர்களின் தலைவர் தௌமந்தாஸும் போய்விட்டார். ஒரு ஜெபச் சொல்கூட இல்லாமல் மண் போட்டு மூடினோம்.

நாளை செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். எல்லா வீட்டிலும் கதவைத் திறந்து சாப்பாடு வைப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒரு வாரமாகத் தாழ்ப்பாளுக்கு மேல் கயிறு கட்டுகிறாள்.

"யாரும் சேத்துக்காத ஆன்மாடி. வந்தா போகாது."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேதியியல். நேற்று சாயங்காலம் அப்பாவின் நாற்காலி தானாகக் கிறீச்சிட்டபோது பட்டம் எங்கே போனதோ, அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த வெட்கம்தான் என்னை இங்கே இழுத்து வந்தது.

"உங்க அம்மா நாளைக்குக் கதவைத் திறந்து வைப்பாங்களா, ஃபாதர்?"

அவர் முகம் வெளுத்தது. "வைப்பாங்க. மேசையிலேர்ந்து கீழ விழுந்த ரொட்டித் துண்டை நானும் எடுக்க மாட்டேன். அது... செத்தவங்களுக்கு."

"இதையேதான் தௌமந்தாஸும் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் பயம் ஒண்ணு, சோறு ஒண்ணு. எங்கப்பா மட்டும் யாருக்கும் வேணாம்!"

"மெதுவா பேசு. ஆயருக்குத் தெரிஞ்சா என்னை மாத்திடுவாங்க."

"செத்தவருக்குப் பயந்தா நியாயம் இருக்கு. ஆயருக்கா?"

அவர் நான் கொடுத்திருந்த, அப்பா பெயரெழுதிய சீட்டை மட்டும் விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டார், சுட்டுவிடும் என்பதுபோல. எடுத்துக்கொண்டேன்.

அம்மா ஓடி வந்து தோளைப் பிடித்தாள். "என்னடி சொன்னார்?"

"மாட்டாராம். பட்டியல் முடிஞ்சதும் நானே எந்திரிச்சு நின்னு கூப்பிடுவேன். மொதல்ல நம்ம ஜெபத்தச் சொல்லி, அப்புறம் நெருப்புக்காரங்க சொல்றதையும் சொல்லி."

"கோயிலுக்குள்ளயா? ஐயோ, கூப்பிட்டா வந்துடுவாருடி!"

"வரட்டும்."

முதுகில் வியர்வை இறங்கியது. அம்மாவின் பிடியை விலக்கிவிட்டு வெளியே நடந்தேன்.